பதினாறு ஆள் கட்டிய மதில்

செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆங்கில வழிப் பள்ளி. அங்கே தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். சேர்ந்த நாள் முதல் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ‘கர்ணம்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு ‘ஹைப்பாட்டனியூஸ்’ என்று தடுக்காமல் சொல்வதற்காக வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். அது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பிரின்சிபால் ஆசிரியர் அறைக்கு வந்து, “தமிழ்ல கணக்குப் படிச்சவுங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, கண்டனூரில் தன் குடும்பத்துப் பெரிய வீட்டில் பாதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஓட்டலாக மாற்றியவர். வீட்டில் பழைய சாமான்களை ஒழுங்கு செய்தபோது ஒரு கையெழுத்துப் புத்தகம் கிடைத்ததாம்.

“எங்க பாட்டையா சின்னப் பையனா இருக்கையிலயே எழுதுன கணித நூல் மேடம். குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், அவுக கணக்குல மேதை. ஆனா உள்ள என்ன எழுதியிருக்குன்னுதான் யாருக்கும் படிக்கத் தெரியல. நீங்க வந்து படிச்சுச் சொன்னா, ஒரு நல்ல பக்கமாப் பாத்துக் கண்ணாடிக்குள்ள வச்சிருவேன். கெஸ்ட் பாக்குறதுக்கு.”

பாட்டையா என்றால் அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தாத்தா முறை. நான் உடனே சம்மதித்தேன். அந்த வீடுகளை வெளியிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். எங்களுடையது விவசாயக் குடும்பம். எங்கள் கொள்ளுத் தாத்தா பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. தப்பாகப் போட்ட கணக்கைக்கூட எங்கள் வீட்டில் யாரும் விட்டுவைத்துவிட்டுப் போகவில்லை.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எனக்குத் தமிழ் எண்கள் தெரியாது. தமிழில் கணக்குப் படித்தேன் என்றால் ‘ஒன்று, இரண்டு’ என்று வாயால் சொன்னேன், அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும், எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ் எண்களைச் சொல்லித்தரும் ஒருவருடைய வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் படித்தேன். சனிக்கிழமை கண்டனூர் போய் இறங்கும்போது நான் ஒரு நிபுணர்.

வீட்டின் முகப்பில் புத்தகத்தை ஒரு வெல்வெட் தட்டில் வைத்திருந்தார்கள். என்னை அழைத்தவர் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுத்தார். மெடிக்கல் கடையில் வாங்கியது. அவரும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஆபரேஷனுக்குத் தயாரானதுபோல நின்றோம். அப்போது அவருடைய தாயார் உள்ளேயிருந்து வந்தார். சென்னையில் இருப்பவர். உறவில் கல்யாணம் என்று வந்து தங்கியிருந்தார். எழுபதை ஒட்டிய வயது. நான் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன். ஆச்சி வந்த வேகத்தில் வெறுங்கையால் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“ஆத்தா, கைபடக் கூடாது!” என்றார் மகன்.

“இம்புட்டு வருசமும் அரிசி மூடைக்குப் பின்னாடி கெடந்துச்சு. அப்ப ஒண்ணும் ஆகல. இப்ப நான் தொட்டா ஆயிருமாக்கும்? டீச்சர், அதக் கழட்டிட்டு உக்காருங்க. கை வேர்த்துப் போகும்.”

தடித்த தாள்களை மடித்து நூலால் தைத்து, மேலே பழைய வேட்டித் துணி ஒட்டிய புத்தகம். மை பழுப்பேறியிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, இந்தக் கணக்குப் புஸ்தகம் தன்னுடையது, எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓர் எச்சரிக்கை. அதைப் படித்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நூல் எழுதுகிறவர்கள் இப்படி எழுதுவதில்லை. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில்தான் இப்படி எழுதுவார்கள்.

படிக்கப் படிக்கத் தெளிவானது. அச்சடித்த பாடப்புத்தகம் அந்த ஊருக்கு வந்து சேராத காலம். வாத்தியார் கணக்கை வாயால் சொல்லியிருக்கிறார். பையன் எழுதிக்கொண்டு, கீழேயே போட்டிருக்கிறான். முதலில் முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்கள். அப்புறம் நெல் அளவை, நிலத்து அளவை, ஆள் கணக்கு. இப்படியே சில வருடங்கள் எழுதித் தைத்தால் அதுதான் அவனுக்குப் பாடப்புத்தகம். ஒவ்வொரு மாணவனும் தன் பாடப்புத்தகத்தைத் தானே எழுதிக்கொண்டான். ஆகவே தன் தப்புகளையும் அதோடு சேர்த்துத் தைத்துக்கொண்டான்.

“அப்ப இது நூல் இல்லையா?” என்றார் மகன்.

“நோட்டு சார். ஹோம்வொர்க் நோட்டு மாதிரி.”

“எழுதுனது அவுகதான?” என்று ஆச்சி கேட்டார்.

“எழுதுனது அவுகதான் ஆச்சி. கணக்கு வாத்தியாரோடது.”

“விடை?”

அதுதான் கேள்வி. விடை அவருடையது. பெரும்பாலும் தப்பு. தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் கீழே வேறு ஒரு கையெழுத்து, கோபத்தில் அழுத்தி எழுதியதுபோல, ‘பிழை’ என்று போட்டுச் சரியான விடையை எழுதியிருந்தது. நான் முதலில் நாசூக்காகத்தான் ஆரம்பித்தேன். “இங்க ஒரு சின்ன விடுபடல் இருக்கு” என்றேன். அடுத்த பக்கத்தில், “இங்கயும்” என்றேன். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் கிடந்திருக்கிறது. மேதை எழுதியது என்பதால் ஒருவரும் திறந்து படிக்கவில்லை.

நடுவில் ஒரு பக்கம் மிக அழகாக இருந்தது. சுற்றிலும் கொடிபோல ஓரம் வரைந்து, மூலைக்கு ஒரு கிளி. முத்து முத்தான எழுத்து. மகன் எட்டிப் பார்த்து, “இது, இதுதான் மேடம்!” என்றார். நான் படித்துக் காட்டினேன். எட்டு ஆள் ஒரு மதிலைப் பன்னிரண்டு நாளில் கட்டி முடித்தால், பதினாறு ஆள் எத்தனை நாளில் கட்டி முடிப்பார்கள்? விடையை இரண்டு, பத்து, நான்கு என்று மூன்று குறிகளாக அந்தக் கால வழக்கப்படி எழுதி, அதைச் சுற்றித் தாமரை வரைந்திருந்தார். இருபத்து நாலு நாள்.

அதற்குக் கீழே ‘பிழை’ என்று எழுதியிருந்த வாத்தியார், இந்த முறை விடையைக்கூட எழுதவில்லை. மனசு விட்டுப்போயிருக்க வேண்டும்.

“ஆள் ரெண்டு மடங்கானா நாள் பாதியாகணும். ஆறு நாள். இவுக நாளையும் ரெண்டு மடங்காக்கிட்டாக” என்றேன்.

ஆச்சி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகன், “ஆத்தா, கெஸ்ட் இருக்காக” என்றது அவர் காதில் விழவில்லை.

“இல்ல டீச்சர், அவுக சொன்னதுதான் சரி. இந்த வீட்ட ஓட்டலாக்க இவன் எட்டு ஆளப் போட்டான், வேலை ஓடுச்சு. சீக்கிரம் முடியட்டும்னு பதினாறு ஆளப் போட்டான். அதோட நின்னு போச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

மகன் எழுந்து அங்குட்டுப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல பெயில். கல்யாணம் பேசுறப்ப அதச் சொல்லாம விட்டுட்டாக. வந்த பொறகு தெரிஞ்சு போச்சு. அன்னையிலேருந்து இந்த வீட்டுல ஊறுகாய் ஜாடிய எண்ணக்கூட என்னய விட மாட்டாக. ‘அவளயா எண்ணச் சொன்னீக’ன்னு ஒரே சிரிப்பு. எங்க மாமியார், சொவத்துல இருக்கே அந்தப் படம், அதக் காட்டி, ‘அவுக ரத்தம் ஓடுற வீட்டுக்குப் பெயிலா ஒண்ணு வந்து சேந்திருக்கு’ன்னு வாரவுக போறவுக எல்லார்ட்டயும் சொல்லுவாக.”

படத்தில் பாட்டையா ஒரு கையை நாற்காலியில் வைத்து, பர்மாவில் தொழில் செய்து சம்பாதித்த கம்பீரத்தோடு நின்றிருந்தார். அங்கே அவருக்குக் கணக்கு எழுத ஆட்கள் இருந்தார்கள். அது அவர் தொழிலுக்கு நல்லதாகப் போயிற்று.

நான் எவ்வளவோ சொல்லியும் மகன் அந்தக் கிளிப் பக்கத்தைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். வாத்தியாரின் ‘பிழை’ தெரியாதபடி கீழ் ஓரத்தில் ஒரு செம்புக் குங்குமச் சிமிழை வைத்து மறைத்தார். ‘இளம் வயதில் இயற்றிய கணித நூல்’ என்று அட்டை எழுதிச் சாய்த்து வைத்தார். “மேடம், கெஸ்ட் யாரும் கணக்குப் போட்டுப் பாக்க மாட்டாக” என்றார். அந்த விஷயத்தில் அவர் கணக்கு சரிதான். சிற்றுண்டிச் சாலையின் மெனு அட்டையிலும் அந்தப் பக்கம் ஏறியது. பணியாரத்துக்கு மேலே கிளி, தாமரைக்குள் இருபத்து நாலு.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பில் எதிர்விகிதம் நடத்தவேண்டிய மாதம் வந்தது.

தேர்வில் நான் கொடுத்தது கிணறு வெட்டுகிற கணக்கு. ஒரு பெண் ஆளையும் கூட்டி நாளையும் கூட்டியிருந்தாள். மதிப்பெண் போடவில்லை. மறுநாள் அவளுடைய அப்பா செல்போனோடு பிரின்சிபால் அறையில் உட்கார்ந்திருந்தார். கண்டனூரில் ஒரு விருந்துக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டியைப் படம் எடுத்திருக்கிறார். பழைய எண்களைப் படிக்க முடியாதவர்களுக்காக மகன் பக்கத்திலேயே இப்போதைய எண்களிலும் எழுதி வைத்திருந்தார்.

“எம்மக போட்ட மொறையில தானய்யா இதுலயும் போட்டிருக்கு. அவுக பர்மாவுல கொடிகட்டிப் பறந்தவுக. கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிறது எப்படித் தப்பாகும்?”

நான் பலகையில் எழுதி விளக்கினேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை, பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் என்னைப் பார்த்து, “மேடம், ரெண்டு மெத்தடுக்கும் மார்க் குடுக்குற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா?” என்று கேட்டார்.

வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்தான் எங்களைக் காப்பாற்றினாள். “அப்பா, நான் அதப் பாத்து எழுதல. நானாத்தான் தப்பாப் போட்டேன்” என்றாள். அவளுக்கு அதில் கொஞ்சம் மானப் பிரச்சினை இருந்ததுபோலத் தெரிந்தது. இன்னொருவர் தப்பைக் காப்பியடித்ததாகப் பெயர் வருவதை அவள் விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் ஆச்சிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் இன்னும் கண்டனூரில்தான் இருந்தார்.

“எங்க வீட்டோட இருக்கட்டும்னுதான் பேசாம இருந்தேன். இப்ப ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒட்டிருச்சா?” என்றார். மறுநாள் அவரே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குங்குமச் சிமிழை எடுத்துச் சாமி அறையில் வைத்துவிட்டு, மகன் எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டார். பதிலுக்கு ஒன்று தானே எழுதி வைத்தார்: ‘இது எங்கள் வீட்டுப் பாட்டையா பையனாக இருந்தபோது போட்ட கணக்கு. விடை தப்பு. சரியான விடை தெரிந்தவர்கள் எழுதிவிட்டுப் போகவும்.’ பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டும் நூல் கட்டிய பேனாவும்.

மகன் இரண்டு நாள் தாயாரோடு பேசவில்லை. அதற்குள் நோட்டு நிறையத் தொடங்கிவிட்டது. பிள்ளையார்பட்டிக்கு வந்த ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் வரிசையாகப் படி எழுதி ஆறு என்று போட்டிருந்தது. கீழே ஒரு குழந்தை மதில் படம் வரைந்திருந்தது. ஒரு பொறியாளர், மழைக்காலமா வெயில்காலமா என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஒரு பிரெஞ்சுக்காரர் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அரைப் பக்கம் சமன்பாடு எழுதி, கடைசியில் இருபத்து நாலையே கொண்டுவந்து, பிறகு அதை அடித்திருந்தார். யாரோ ஒருவர் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று எழுதியிருந்தார். ஓட்டலின் மற்ற அறைகளைப் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் அந்தப் பெட்டி முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மகனுக்குக் கோபம் இறங்கியது.

ஆனால் பங்காளிகளுக்கு ஏறியது. அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமானதல்ல. பாட்டையாவின் வழியில் வந்த எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு, அவர் மீதும் பங்கு உண்டு. அந்த மாதம் அந்த வீட்டில் நடந்த இன்னொரு கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நடு முற்றத்து வளவில் கூட்டம் போட்டார்கள். நிபுணர் என்று என்னையும் அழைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு எதிர்விகிதம் விளக்குவது எட்டாம் வகுப்பில் கடைசிப் பீரியட் எடுப்பதைவிடக் கஷ்டம்.

பங்காளிகளில் மூத்தவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “டீச்சர் சொல்றது இப்பத்திய கணக்கு. அந்தக் காலத்து மதில் வேற, அந்தக் காலத்து ஆளு வேற” என்றார். பலர் தலையாட்டினார்கள்.

வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். “ரெண்டு பக்கமும் மனசு நோகக் கூடாது. அவுக இருபத்தி நாலுங்கிறாக, இவுக ஆறுங்கிறாக. கூட்டிப் பாதியாக்குங்க. பதினஞ்சுன்னு எழுதி வச்சிருவோம். பிரச்சினை தீந்துரும்” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கலந்துகொண்டவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்த நிலையில் படம் உறைந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதுவரை தூணருகே நின்றிருந்த ஆச்சி பேசினார். சத்தம் போடவில்லை.

“பாட்டையாவ நான் பெயிலாக்கிட்டேன்னு எல்லாரும் வருத்தப்படுறீக. ஒரு பையன் கணக்கத் தப்பாப் போட்டான். அம்புட்டுத்தான். அதனால அவுக என்ன கெட்டுப் போனாக? நல்லா இருந்தாக, இம்புட்டுப் பெரிய வீடு கட்டுனாக. நானும் தப்பாப் போட்டேன். என்னய மட்டும் ஏன் இந்த வளவுல அம்பது வருசமா பெயிலு பெயிலுன்னு கூப்பிட்டீக?”

மூத்தவர் தன் தோள்துண்டை எடுத்து மடித்து, மறுபடியும் பிரித்தார். அப்புறம் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், குடும்பச் சொத்தை இப்படி வெளியில் வைப்பது பாதுகாப்பு இல்லை, வங்கி லாக்கரில் வைத்துவிடலாம் என்றார். எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பத்திரம் என்றார்கள்.

“வையுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்து எழுதிக்கிறேன்” என்றார் ஆச்சி.

அவர்கள் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். புத்தகம் அவர் கையில் சில வாரங்கள் இருந்தது. முழுவதையும் எழுதினார். பாட்டையா போட்டதை நீல மையில் அப்படியே, தப்போடு. கீழே தான் போட்டுப் பார்ப்பதற்கு இடம் விட்டு, அதைப் பென்சிலில். கிளியை வரைய வரவில்லை, விட்டுவிட்டார். புத்தகம் லாக்கருக்குப் போனது. கண்ணாடிப் பெட்டியில் இப்போது பித்தளைப் பாக்குவெட்டிகள் இருக்கின்றன. அதைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆச்சி சென்னைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கண்டனூர் போகிறேன். முதல் தடவை நோட்டை என் முன்னால் வைத்து, கூடவே ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தார். பின்னக் கணக்கில் இரண்டு சரி, ஒன்று தப்பு. சிவப்பு மையில் குறி போட எனக்குக் கை வரவில்லை. பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்தேன்.

“அது என்ன புள்ளி? நல்லாத் தெரியுற மாதிரி போடுங்க டீச்சர். எந்த வரியில தப்பாப் போச்சுன்னும் எழுதுங்க. பெயிலுன்னு சொன்னவுக ஒருத்தராச்சும் அன்னைக்கு அதச் சொல்லியிருந்தா, நான் அப்பவே சரி பண்ணியிருப்பேன்.”

நான் போட்டேன். இரண்டாவது வரி. மாவையும் காணியையும் மாற்றி எழுதியிருந்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், “அட, இம்புட்டுத்தானா?” என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

எழுத எழுத அவர் வேகம் கூடியது. எங்கள் பள்ளி நூலகத்திலிருந்து அச்சடித்த கணக்குப் புத்தகம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதுல விடைய எல்லாம் கடைசிப் பக்கத்துல போட்டு வச்சிருக்காக. கை அதுபாட்டுக்கு அங்குட்டே போகுது. இது எனக்கு ஆகாது” என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் புத்தி. “தனித் தேர்வராப் பரீட்சை எழுதலாம் ஆச்சி. கணக்கு மட்டும். இப்ப நீங்க கண்டிப்பாப் பாஸ் பண்ணிருவீக” என்றேன்.

ஆச்சி பென்சிலைக் கூர் பார்த்தார். “பாஸ் பண்ணி யாருக்குக் காட்ட? காட்ட வேண்டியவுகல்லாம் படத்துல இருக்காக. ஒருவேளை போச்சுன்னா, இன்னொருக்கப் பெயிலாக எனக்கு நேரமும் இல்ல” என்றார். பிறகு நெல் அளவைப் பக்கத்தைத் திருப்பி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினார்.